விஞ்ஞானி எழுதிய தன்வரலாறு இலக்கியமாக நிற்குமா?

விஞ்ஞானிகளின் சுயசரிதைகளை ஊக்கத்துக்காகத்தான் படிக்கிறோம், இலக்கியமாகப் படிக்கத் தகுந்தது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. என் தேர்வு சார்லஸ் டார்வினின் தன்வரலாறு.

ஊக்கம் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1876-ல், 67 வயதில், தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம்போல உட்கார்ந்து எழுதியது. அதனால் மேடைப்பேச்சு வாடையே கிடையாது. செத்துப்போனவன் வேறு உலகத்திலிருந்து தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதுபோல எழுதப் பார்த்தேன், வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டதால் அது கஷ்டமாகவும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்கிறார். புத்தகம் முழுக்க அதே குரல்தான். வண்டைப் பார்க்கிற கண்ணாலேயே தன்னையும் பார்க்கிறார். இதன் இலக்கியச் சிறப்பு அந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் இடம் ஒன்று. 1831-ல், பீகிள் கப்பலில் உலகைச் சுற்றும் ஆய்வுப் பயணத்துக்குப் புறப்படுவதற்கு முன்பு, செட்ஜ்விக் என்ற நிலவியல் பேராசிரியரோடு வேல்ஸ் மலைகளில் கும் இட்வல் என்ற பள்ளத்தாக்குக்குப் போகிறார். இருவரும் பல மணி நேரம் பாறை பாறையாகத் தொல்லுயிர் எச்சங்களைத் தேடுகிறார்கள். சுற்றிலும் பழைய பனியாறு இழைத்துவிட்டுப் போன கோடுகள், அது கொண்டுவந்து நிறுத்திய பாறைகள், ஒதுக்கித் தள்ளிய மேடுகள். இருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை. தீயில் எரிந்து விழுந்த வீடுகூடத் தன் கதையை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது என்று பிற்பாடு எழுதுகிறார். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் மேடுகளைத் தாண்டித்தான் எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போய்வருகிறோம். பூமியின் ஆழத்துப் பாறை மாறி அந்த மேக்னசைட் உண்டான கதை பஸ் ஜன்னலுக்கு வெளியே திறந்தே கிடக்கிறது, யார் பார்க்கிறார்கள்?

தமிழில் இதற்கு நிகரான இடம் உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தில் உண்டு. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம், படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று உ.வே.சா. ஒவ்வொன்றாக அடுக்குகிறார். முதலியார் அசையவேயில்லை. பழைய காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அடுக்கிய பட்டியல் மொத்தமும் அந்த இடத்தில் சரிகிறது. கற்றவர் ஒருவர், தனக்குத் தெரியாமல் போனதை இவ்வளவு துல்லியமாக எழுதிவைக்கும்போது அது வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. டார்வினையும் உ.வே.சா.வையும் ஒரே அலமாரியில் வைக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆட்களை வரைவதிலும் டார்வின் கைகாரர். அப்பா ராபர்ட் டார்வின் பெரிய ஆகிருதி, பேர்போன மருத்துவர், ஆனால் ரத்தத்தைக் கண்டால் ஆகாது. அவர்தான் மகனைப் பார்த்து, துப்பாக்கி, நாய், எலிவேட்டை தவிர உனக்கு எதிலும் அக்கறையில்லை, குடும்பத்துக்கே அவமானமாகப் போகிறாய் என்று திட்டியவர். அதை எழுதிய கையோடு, நான் அறிந்தவர்களிலேயே அன்பானவர் அவர், அன்றைக்கு ஏதோ கோபத்தில் கொஞ்சம் அநியாயமாகப் பேசிவிட்டார் என்கிறார். கப்பல் கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்குக் காலையில்தான் கோபம் உச்சத்தில் இருக்குமாம். பணி மாறும் இளம் அதிகாரிகள், ‘இன்றைக்குச் சூடான காபி நிறையப் பரிமாறினாரா?’ என்று அவர் கோபத்தைத்தான் ஜாடையாக ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்களாம். பிரேசிலில் அடிமை முறையைப் பற்றி இருவருக்கும் சண்டை வருகிறது. ஒரு முதலாளி தன் அடிமைகளைக் கூப்பிட்டுக் கேட்டாராம், விடுதலை வேண்டாம் என்றார்களாம், அதற்குச் சாட்சி ஃபிட்ஸ்ராய். முதலாளி முன்னால் சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்க, கேப்டன் கொதித்துப்போகிறார். பிறகு அவரே மன்னிப்பும் கேட்கிறார். ஒரு சிறுகதைக்கான சரக்கு, அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்.

கேம்பிரிட்ஜ் நாட்களின் வண்டுக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மரப்பட்டையை உரித்தால் இரண்டு அரிய வண்டுகள், கைக்கு ஒன்று. மூன்றாவது ஒன்று கண்ணில் பட, வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொள்கிறார். அது பீய்ச்சிய திரவத்தில் நாக்கு எரிய, துப்பிவிட, அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அரபிகா செடியைக் குடைந்து சாகடிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானோடு வருஷாவருஷம் மல்லுக்கட்டுகிறவர். ‘போனா போவுது, நம்ம தோட்டத்துக்கு வராம இருந்தாச் சரிப்பா’ என்றார்.

ரசனை போய்விட்டது என்று எழுதும் பகுதி வேறு ரகம். முப்பது வயது வரையிலும், அதற்குப் பிறகும்கூட, மில்டன், வேர்ட்ஸ்வர்த், ஷெல்லி என்று கவிதையில் திளைத்தவர். இப்போது ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியரை எடுத்தால் குமட்டுகிறது, தகவல் குவியலை அரைத்துப் பொது விதிகளாக்கும் இயந்திரமாக மனம் மாறிவிட்டது என்கிறார். புலம்பல் கிடையாது. அதே மூச்சில், நாவல்கள் மட்டும் பிடிக்கும், சோகமாக முடிக்கக் கூடாதென்று சட்டமே போட வேண்டும் என்று சிரிக்க வைக்கிறார். 1851-ல் பத்து வயதில் இறந்துபோன மகள் ஆனியைப் பற்றி எழுதியிருப்பதும் சில வாக்கியங்கள்தான். இப்போதும் சில சமயம் கண்ணீர் வருகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார். ரசனை செத்த மனதுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்படித் தெரியுமா? இந்த ஒரு விஷயத்தில் அவர் வாக்குமூலத்தை நான் நம்பவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தன் நூல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பகுதி வறட்சி, முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம்.

வாங்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். 1887-ல் மகன் பிரான்சிஸ் வெளியிட்டதில் மதம் பற்றிய பகுதிகள் வெட்டுப்பட்டன. நம்பாதவர்களுக்கு நிரந்தர நரகம் என்றால் என் அப்பா, அண்ணன், நெருங்கிய நண்பர்கள் எல்லோருக்கும் அதுதானே, அப்படியொரு கோட்பாடு உண்மையாக இருக்க வேண்டுமென்று யார்தான் விரும்புவார்கள் என்று கேட்டிருந்தார். அதை அச்சிட வேண்டாம் என்றவர் மனைவி எம்மா. பேத்தி நோரா பார்லோ 1958-ல் விடுபட்டதையெல்லாம் சேர்த்து வெளியிட்டார். வாங்கினால் அதை வாங்குங்கள். அப்பாவைப் பற்றிய பக்கங்களும் அதில் இருக்கின்றன.