திருவையாறு: இரண்டு அரசிகளும் ஒரு நாகரத்தினம்மாளும்

காவிரிக் கரையில் இருக்கும் சின்ன ஊர் ஒன்றின் வரலாற்றைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஊர் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று வரிசையாக ஐந்து பாலம் வரும். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வருவோம். ஐந்தாவது பாலம் ஏறியதும் அப்பாயி பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும். ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐயாறு என்ற பெயருக்கும் இந்த ஐந்து ஆறுகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்பர் கயிலைக் காட்சி கண்டது இங்கே என்பதும், கர்நாடக சங்கீத மேதை தியாகராஜர் இங்கே வாழ்ந்து 1847இல் மறைந்தார் என்பதும் பலருக்கும் தெரிந்ததுதான். பெண்கள் இந்த ஊருக்குச் செய்தது அந்த அளவுக்குத் தெரியாது. அதனால் அதைச் சொல்கிறேன்.

ஐயாறப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் மூலவரையும் அறம்வளர்த்த நாயகியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் வடபக்கம் வடகயிலாயம் என்று ஒரு தனிக்கோயில் இருக்கிறது. ராஜராஜ சோழனின் பட்டத்தரசி உலோகமாதேவி கட்டியது. கல்வெட்டுகளில் அதன் பெயரே உலோகமாதேவீச்சரம். தென்பக்கம் தென்கயிலாயம். அதை ராஜேந்திர சோழனின் தேவி பஞ்சவன்மாதேவியின் திருப்பணி என்பார்கள். ஆயிரம் வருஷக் கல்! அங்கே கூட்டமே இருக்காது. சாயங்காலம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் நாகரத்தினம்மாள். என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். 1878இல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரிலும் சென்னையிலும் பாடிப் பெரும் பேரும் பணமும் சேர்த்தவர். தியாகராஜரின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று 1921இல் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குருவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாள் நம் ஊர்க்காரர் இல்லை, தியாகராஜருக்கு உறவும் இல்லை. இருந்தாலும் தன் சொத்தைச் செலவழித்து 1920களில் அந்த இடத்தில் கோயிலை எழுப்பினார்.

அப்போது தியாகராஜரின் நினைவு நாளையொட்டி நடக்கும் ஆராதனை இசை விழாவைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு அணிகள் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்தன. இரண்டிலும் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயிலைக் கட்டிய அம்மாளே அங்கே பாட முடியாது! அவர் விடவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சமாதிக்குப் பின்பக்கம் தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். அதற்குப் பெண்கள் கட்சி என்றே பெயர் வந்தது. 1940 வாக்கில்தான் மூன்றும் ஒன்றாயின. இன்றைக்கு ஆராதனையில் ஆணும் பெண்ணும் வரிசையாக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் பெண்களுக்கு இடம் சும்மா கிடைக்கவில்லை.

ஊருக்கு இன்னும் பல முகங்கள் உண்டு. பங்குனியில் பக்கத்துத் திருமழபாடியில் நந்தி கல்யாணம். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று கல்யாணமாகாத பிள்ளைகளை வீட்டில் அனுப்பிவைப்பார்கள். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு: ஐயாறப்பர் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊர்களையும் சுற்றிவருவார்; கடைசியில் ஒரு பொம்மை, சுவாமிக்குப் பூப்போடும். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவும் எங்கள் ஊரின் பெருமைதான்.

நாகரத்தினம்மாள் 1952இல் காலமானார். தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி அவருக்கும் அங்கே சிலை இருக்கிறது. அப்பாயிக்கு சங்கீதம் தெரியாது, ராகத்தின் பெயர் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபத் துறையில் காவிரிக்குப் படைத்துவிட்டுத் திரும்பும்போது, மிச்சமிருக்கும் பூவை என் கையில் கொடுத்து, “அந்தம்மா காலடியில வச்சிட்டு வாடா” என்று அனுப்பும். அப்பாயி போன பிறகும் நான் ஒவ்வோர் ஆடிக்கும் வைக்கிறேன்.