டைனோசர் போன பிறகு முதல் பத்து லட்சம் ஆண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், விண்கல் விழுந்ததும் உயிர்கள் மொத்தமும் அழிஞ்சிடுச்சா?

பதில்: இல்லை. இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிற்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்த அந்தக் கல் சுமார் 10 கி.மீ. அகலம். கிளம்பிய தூசியும் புகைக்கரியும் வெயிலை மறைத்ததில் செடிகள் பட்டுப்போயின, அவற்றை நம்பியிருந்தவை பட்டினியில் மடிந்தன. சிறிய உடம்பு, கிடைத்ததைத் தின்னும் வயிறு, இந்த இரண்டும் இருந்த பலவும் தப்பின.

கேள்வி: முதல்ல முளைச்சது எது?

பதில்: பெரணி. வட அமெரிக்காவில் அந்த அழிவின் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே மண்ணெடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெரணி வித்துத்தூள்தான்.

கேள்வி: எலி அளவு பாலூட்டி எப்படிப் பெருத்தது? ஆதாரம் உண்டா?

பதில்: அருமையான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் எலும்பைத் தேடி அலைந்தவர்களுக்கு நெடுங்காலம் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. 2016-ல் டைலர் லைசன் என்ற ஆய்வாளர் அங்கே கிடந்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்தார். பிளந்த கல்லுக்குள் மண்டையோடு, தாடையில் வரிசை குலையாத பற்கள்! எலும்பைச் சுற்றித் தாதுக்கள் இறுகிக் கல்லானதால்தான் அது நசுங்காமல் தப்பியது.

அங்கே கிடைத்தவற்றை அடுக்கு அடுக்காகப் பார்த்தால் கதை விளங்கும். தப்பிய பாலூட்டிகளில் பெரியதே அரைக்கிலோதான். 1 லட்சம் ஆண்டில் 6 கிலோ. 3 லட்சம் ஆண்டில், வால்நட் குடும்ப மரங்கள் பெருகிய சமயத்தில், 25 கிலோ. 7 லட்சம் ஆண்டில் அவரைக் குடும்பக் காய்கள் தென்படுகின்றன. பாலூட்டியின் எடையும் 50 கிலோவை நெருங்குகிறது. டைனோசர் இடத்தைக் காலி செய்ததால் மட்டும் இவை வளர்ந்துவிடவில்லை என்பதே என் கருத்து. சத்தான தீனி வந்த பிறகே உடம்பு வந்தது.

கேள்வி: அப்போ இந்தியா எங்கே இருந்தது?

பதில்: கடல் நடுவே, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டு. ஆசியாவோடு மோதியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தக்காணத்து எரிமலைகள் விண்கல்லுக்கு முன்பே கக்கத் தொடங்கி, பிறகும் சில லட்சம் ஆண்டுகள் ஓயவில்லை. அந்த நெருப்புக்கு நடுவிலும் உயிர் இருந்தது. மும்பை வொர்லியில் எரிமலைப் பாறைகளுக்கு இடையே சிக்கிய ஏரிப்படிவில் குட்டித் தவளைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: ஐயா, நம்ம பக்கம் அந்தக் காலத்துப் பாறை ஏதாவது இருக்கா?

பதில்: அரியலூர் வட்டாரத்தில் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் அந்தக் காலத்துக் கடலடிதான். அதற்குக் கீழேயுள்ள பழைய அடுக்குகளில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் ஏராளம்; அந்த அழிவோடு மறைந்துபோன கடல் உயிரி அது. நின்னியூரில் அவை இல்லை. அவற்றின் உறவான நாட்டிலஸ் வகை ஓடு மட்டும் கிடைக்கிறது. அந்தப் பக்கம் போனால் இரண்டு அடுக்குகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.