எண்ணெயும் நல்ல தண்ணீரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹூஸ்டனில் இருக்கிறேன். இரண்டு வருடமாக வார இறுதியில் சுடுதளம் போகிற பழக்கம். போன மாதம் 1942 முத்திரை போட்ட மோசின் நாகான் 91/30 என்ற பழைய சோவியத் ரைபிள் ஒன்று வாங்கினேன். அடுத்து எஸ்.கே.எஸ் ரைபிள் வாங்கலாமா, இல்லை காசு சேர்த்து எஸ்.வி.டி-40க்கே போய்விடலாமா? மூன்றில் எது சிறந்தது? பின்லாந்தின் குறிசுடும் வீரர் சிமோ ஹைஹா இதே மோசினை வைத்துத்தானே அத்தனை பேரைச் சுட்டார், எனக்கு மட்டும் ஏன் நூறு கஜத்திலேயே குறி தள்ளிப் போகிறது? பழைய சோவியத் தோட்டா குழலை அரிக்கும் என்கிறார்கள். சுட்டு முடித்ததும் கண்ணாடி துடைக்கிற அம்மோனியா திரவத்தை ஒருமுறை பீய்ச்சிவிட்டு, தாராளமாக எண்ணெய் விட்டு வைத்துவிடுகிறேன். போதும்தானே?

ர.

*

அன்புள்ள ர.,

‘எது சிறந்தது’ கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ரஜினியா கமலா என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் கடிதத்தையும் அப்படியே மூடியிருப்பேன், கடைசி இரண்டு வரி மட்டும் இல்லையென்றால். போன வாரம் என் அப்பாவுக்குத் திதி. அன்றைக்குக் கராஜில் வேறெதையோ தேடப்போய் ஒரு புனல் கையில் சிக்கியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறைகள். ஹைஹா வைத்திருந்தது பின்லாந்துக்காரர்கள் தங்கள் குழலைப் போட்டுச் செய்த எம்/28-30. குடும்பம் ஒன்று, துப்பாக்கி வேறு. தவிர, அவர் 1939-40 பனிக்காலத்தில் பின்லாந்துக் காட்டில் படுத்திருந்தவர், நீங்கள் குளிர்பானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுடுகிறவர். அவரை விட்டுவிடுங்கள். குறி தள்ளிப்போவதற்குக் காரணம், 91/30க்குப் பயனெட்டை, அதாவது குழல் முனையில் செருகும் கத்தியை, மாட்டி வைத்துத்தான் குறி சரிபார்த்து அனுப்பினார்கள். கழற்றிவிட்டால் குண்டு வேறிடம் போகும். மாட்டிச் சுட்டுப் பாருங்கள். இரண்டாள் தள்ளி நிற்பவர் முறைப்பார், பரவாயில்லை.

இப்போது அந்த அம்மோனியா. தம்பி, இதை யார் உங்களுக்குச் சொன்னது?

அரிப்பது வெடிமருந்துத் தூள் இல்லை, தோட்டாவின் அடியில் இருந்து அந்தத் தூளைப் பற்றவைக்கும் பிரைமர். பழைய சோவியத் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழல் முழுக்கப் படிகிறது. அதாவது உப்பு. நம் சமையலறை உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே வேலையை இது இரும்புக்குள் உட்கார்ந்து செய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்தாலேயே இரும்பைத் தின்கிறது. அம்மோனியா உப்பை ‘முறித்துவிடும்’ என்பது கதை. குழலில் ஒட்டும் செம்புக்கு அம்மோனியா உதவும், உப்பை அது ஒன்றும் செய்யாது. உங்கள் கண்ணாடித் திரவம் கொஞ்சநஞ்சம் உதவியிருந்தால், அதில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால்தான். அந்தத் தண்ணீரையும் ஒரு பீய்ச்சோடு நிறுத்திவிட்டு, மேலே எண்ணெயை ஊற்றி உப்பைப் பத்திரமாகப் போர்த்திப் படுக்க வைக்கிறீர்கள். அதுவும் ஹூஸ்டன் புழுக்கத்தில்!

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. இதே காரியத்தை நானும் செய்தேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. தினமும் அளத்திலிருந்து சைக்கிளில் திரும்பி வருவார், சக்கரக் கம்பியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். காப்பியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வாளி நல்ல தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்றுவார். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். “குடிக்கத் தண்ணியக் காணோம், இவருக்குச் சைக்கிளக் குளிப்பாட்டணும்” என்று அம்மா அடுக்களைக்குள்ளிருந்து தொடங்குவாள். ஒருநாள் நான் புத்திசாலித்தனமாக, தண்ணீர் ஊற்றாமல் செயினுக்கு நிறைய எண்ணெய் விட்டு வைத்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. “எண்ணெய விட்டா உப்பு போயிருமாலே? தண்ணியில கரையிறது தண்ணியிலதாம்ல போவும்.”

அடி வாங்கியும் மறந்துவிட்டது. 2011இல் கனடாவில், கால்கரியில் என் முதல் 91/30ஐ வாங்கினேன். அதுவும் 1942, இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. முக்கோணத்துக்குள் அம்பு, கீழே வருடம். இரும்பின் மேல் கடைசல் வரிகள் அப்படியே நின்றன, மெருகு போட அந்த வருடம் அங்கே யாருக்கும் நேரமில்லை. உறைந்த கிரீஸைக் குளியல் தொட்டியில் வைத்துக் கழுவி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 440 தோட்டா அடைத்த தகர டப்பா ஒன்றைத் திறந்து, ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுட்டேன். வந்து எண்ணெயைக் குளிப்பாட்டி ஊற்றி அலமாரியில் வைத்தேன். கால்கரி வறண்ட ஊர், ஹூஸ்டன் மாதிரி இல்லை. பத்து நாள் கழித்துத் துணியை உள்ளே விட்டு இழுத்தால் செங்கல்பொடி வருகிறது. எழுபது வருடம் கெடாமல் இருந்த குழல்!

அந்தக் கோடையில் அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். துப்பாக்கி என்றாலே அவருக்குப் பிடிக்காது, கராஜ் வாசலோடு நின்றுகொள்வார். அன்றைக்கு உள்ளே வந்து துணியைப் பார்த்தார். “சுட்டா உப்புப் படியுமோ?” என்றார். ஆமாம் என்றேன். “நல்ல தண்ணியில கழுவுனியாலே?”

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

மறுநாள் அவரே பெட்ரோல் ஊற்றும் புனல் ஒன்றில் என் மகளுடைய சைக்கிளின் பஞ்சரான ட்யூபை வெட்டி இறுகக் கட்டிக் கொடுத்தார். துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் தண்ணீர் போகாமல் நேராகக் குழலுக்குள் இறங்குவதற்கு. குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை உருவிவிட்டு, வாய் கீழே இருக்கும்படி பிடித்து, பின்புறத்திலிருந்து ஒரு கெண்டி கொதிக்கிற தண்ணீர். சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். பிறகு துணி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் மறக்காமல் கழுவ வேண்டும்.

உங்கள் ரைபிளோடு இரட்டை மூக்கு வைத்த ஒரு தகர எண்ணெய் டப்பா வந்திருக்குமே, ஷோகேஸில் வைத்திருக்கிறீர்களா? எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு அறை. ஒரு பக்கம் ரஷ்ய எழுத்தில் ‘ஷ்ச’, காரம் என்பதன் முதலெழுத்து. மறு பக்கம் ‘ந’, எண்ணெய்க்கு. காரக் கரைசல் என்றால் தண்ணீரில் கலந்தது. குழலை முதலில் அதனால் கழுவி, அப்புறம் எண்ணெய் போடச் சொல்லித்தான் செம்படைக்காரன் கையில் இரண்டறை டப்பாவைக் கொடுத்தார்கள். அதிகம் படிக்காத கிராமத்துப் பையனுக்கும் புரியும்படி தகரத்திலேயே அச்சடித்து வைத்த விஷயம் இது. நீங்கள் பொறியியல் படித்தவர் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. எஸ்.கே.எஸ் நல்ல துப்பாக்கி, தோளை இடிக்காது, பத்துத் தோட்டாவை ஒரே கிளிப்பில் அழுத்தி இறக்கலாம். பிற்காலத்து எஸ்.கே.எஸ்ஸில் குழலுக்குக் குரோம் பூச்சும் உண்டு. ஆனால் சுட்ட வாயுவாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி அது, அதனால் வாயுக் குழாய், பிஸ்டன் இரண்டுக்கும் உப்பு போகும். பிரைமரைக் குத்தும் ஊசி ஓடுகிற துளையில் பழைய கிரீஸ் அடைத்திருந்தால் ஊசி மாட்டிக்கொண்டு, விசையைத் தொடாமலே வெடிக்கும். அதையும் பிரித்துக் கழுவத் தெரிய வேண்டும். எஸ்.வி.டி அழகு, விலை அதிகம், வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குத் தனிக் கருவி வேறு. மோசினில் விசையை அழுத்தியபடி இழுத்தால் போல்ட் கையோடு வந்துவிடும், மீதி ஒரு நேரான ஓட்டை. ஒரு கெண்டித் தண்ணீரைச் சோம்பலில்லாமல் ஊற்றத் தெரியாதவருக்கு நான் எஸ்.வி.டி சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வருடம் மோசினைக் கழுவிவிட்டு எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் குழலுக்குள் வெள்ளைத்துணி ஒன்றை விட்டு இழுங்கள். என்ன நிறத்தில் வந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள், திட்ட மாட்டேன். புனல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அளவு எடுத்துத் தருகிறேன். இதை மட்டும் தர முடியாது, ட்யூபின் முடிச்சு அவர் போட்டது.