மார்ச் மாதத்தில் நூல் வாங்காதீர்கள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவை நெடுங்காலம் நடத்தி ஓய்வுபெற்ற நூலகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: அம்மா, கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். நிதியாண்டு முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது. நிதியில் பாதி அப்படியே கிடக்கிறது. என்ன செய்வது?

ப: பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பயம்தான் நூலகங்களைக் கெடுக்கிறது. என் முதல் ஆண்டில், மார்ச் கடைசி வாரம் ஒரு விற்பனையாளர் வேனில் கொண்டுவந்து இறக்கியதையெல்லாம் தள்ளுபடியைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் பழைய பதிப்புகள். ஓய்வுபெறும்வரை அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் மனம் உறுத்தியது. துறைகள் எழுதிக்கொடுத்த பட்டியல் கையில் இருந்தால் அதற்கு மட்டும் ஆர்டர் போடுங்கள். இல்லையென்றால் இரவல் பதிவைத் திறந்து, மாணவர்கள் முன்பதிவு செய்து காத்திருக்கும் நூல்களுக்குக் கூடுதல் பிரதி வாங்குங்கள். வரும் ஜூலையிலேயே துறைதோறும் நேரில் போய்ப் பட்டியல் கேளுங்கள். கடிதம் போட்டால் பதில் வராது.

கே: யாரும் தொடாத நூல்களைக் கழித்துவிடலாமா?

ப: அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கிய நூல்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ 40 சதவீதம் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. ஆய்வு வெளியானதும் அங்கிருந்த பேராசிரியர்களே அதை எதிர்த்தார்கள். நூலகத்திலேயே உட்கார்ந்து படிப்பவரை இரவல் கணக்கு காட்டாது. எனவே மேசைகளில் விட்டுச்செல்லும் நூல்களையும் ஓராண்டு எண்ணுங்கள். பிறகு துறை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திட்டதை மட்டும் கழியுங்கள். பழைய பதிப்புப் பாடநூலைக் கழிக்கலாம். தமிழ்ச் சிறு பதிப்பகத்தின் நூலைத் தொடாதீர்கள். சில நூறு பிரதிகளே அச்சான நூலுக்கு உங்கள் பிரதியே கடைசியாக இருக்கக்கூடும்.

கே: இருப்புச் சரிபார்ப்பில் 60 நூல்களைக் காணவில்லை. என் சம்பளத்தில் பிடிப்பார்களா?

ப: மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215ஐப் படியுங்கள். ஓராண்டில் இரவல் தந்த அல்லது படிக்க எடுத்த ஆயிரம் நூல்களுக்கு 5 தொலைவது இயல்பு என்கிறது. அதாவது 12,000 முறை நூல் கைமாறியிருந்தால் 60 என்பது வரம்புக்குள். நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ரூ.1,000க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. உங்கள் நிர்வாகம் இவ்விதியை ஏற்றிருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, இதழ்களுக்கு இனிப் பணம் வேண்டுமா?

ப: 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் அத்திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இணையவழி கிடைக்கின்றன. அவற்றுக்குத் தனியே சந்தா கட்டுவதை நிறுத்துங்கள். மிச்சமாகும் தொகையைப் பிற செலவுக்கு விடாமல் தமிழ் ஆய்விதழ்களுக்குக் கேளுங்கள்.

கே: மறைந்த என் தந்தையின் 2,000 நூல்களைத் தர விரும்புகிறேன்.

ப: முதலில் பட்டியல் அனுப்புங்கள். தனி அலமாரி வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். எந்த நூல்களின் ஓரத்தில் அவர் குறிப்பு எழுதியிருக்கிறார் என்பதையும் குறியுங்கள். நானாக இருந்தால் அவற்றைத்தான் முதலில் கேட்பேன்.