ஏற்கெனவே இருக்கும் இணையதளம் போலவே நானும் ஒன்று செய்தால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

காப்புரிமை என்றால் பேட்டன்ட். நீங்கள் பயப்படுவது பதிப்புரிமையை, அதாவது காப்பிரைட்டை நினைத்து. நான் வக்கீல் இல்லை, இதே பயத்தில் இரண்டு மாதம் தூக்கம் கெட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டெல்டா பக்கம் எங்கள் ஊரில் கிளம்பும் டவுன் பஸ், வெளியூர் பஸ் நேரங்களைப் போட்டு ஒரு தளம் நடத்துகிறேன். அதே மாதிரி இன்னொரு தளம் முன்பே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது, அதை நான் மறைத்ததே இல்லை. ஆனால் நேரங்களை அங்கிருந்து எடுக்கவில்லை. விடிகாலை நாலரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டைம் கீப்பர் அறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு நாள் நோட்டில் எழுதினேன். வராத வண்டிக்குச் சிவப்பு மையில் சுழி, தாமதமானால் பக்கத்திலேயே நிமிடக் கணக்கு.

மூன்றாவது மாதம் அந்தத் தளத்துக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் உழைப்பைத் திருடிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம் என்று. தெரிந்த வக்கீல் அண்ணனிடம் நோட்டோடு ஓடினேன். புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அஞ்சு பத்துக்கு வண்டி கிளம்புதுங்கறது தகவல். அதுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை தம்பி." யோசனைக்கோ கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். நாடகத்தைப் பார்த்து சினிமா எடுத்தார்கள் என்று வந்த வழக்கு அது.

அப்புறம் என் தளத்தைத் திறந்தார். பிரைவசி பாலிசி பக்கத்தை அவர்களிடமிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன், ஓரிடத்தில் அவர்கள் பெயர்கூட மாறாமல் இருந்தது. முகப்பில் இருந்த பஸ் ஸ்டாண்ட் படமும் அவர்கள் எடுத்தது. "இது ரெண்டும் தப்பு" என்றார். கூசிப்போனேன். அன்று ராத்திரியே இரண்டையும் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதன் பிறகு அவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை.

திருடுவதற்கு வழி சொல்லிக் கொடுக்கிறாயா என்று யாராவது கேட்கலாம். திருட்டு கொடுத்தவனும் நான்தான். போன வருடம் ஒருவர் என் நேரப் பட்டியலை முழுசாக எடுத்துப் போட்டுக்கொண்டார். பதினோரு நாள் உழைப்பாயிற்றே என்று அதே அண்ணனிடம் போனால், 2007-ல் வந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி தீர்ப்பை எடுத்துக் காட்டினார். உழைப்பும் செலவும் மட்டும் போதாது, திறமையும் கொஞ்சமாவது படைப்புத்தன்மையும் வேண்டும் என்கிறது அது. பட்டியலைத் தொகுத்த விதத்துக்கு ஒருவேளை உரிமை கேட்கலாம், வெறும் நேரங்களுக்குக் கேட்க முடியாது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் "சந்தை நாளில் இந்த வண்டி பாலத்தடியில் பத்து நிமிடம் நிற்கும்" என்பது போல நான் எழுதிய குறிப்புகளையும் அவர் வரி மாறாமல் எடுத்திருந்தார். அதை மட்டும் தேதியோடு காட்டி அவர் தளத்தை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினேன், எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் என்ன தளம் என்று சொல்லவில்லை. கடையோ வரன் பார்க்கும் தளமோ, அதே வசதிகளை நீங்களும் தரலாம். எழுத்து, படம், தளத்தை இயக்கும் நிரல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது. பெயரும் லோகோவும் ஒத்துப்போனால் அது டிரேட்மார்க் வழக்கு, தளத்தின் முகவரியான டொமைன் பெயருக்கும் அது பொருந்தும் என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. வெளியாளை வைத்து நிரல் எழுதி வாங்கினால், உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் கொடுத்துவிட்டால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது.

இவ்வளவு சண்டையும் எதற்கு? எங்கள் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நேரப் பலகையில் பாதி எழுத்து உரிந்துபோய், மீதியின் மேல் டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. சரியான நேரத்தை அங்கே எழுதி வைத்திருந்தால் எங்கள் மூன்று பேருக்குமே வேலை இருந்திருக்காது. மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். போஸ்டர் மட்டும்தான் மாறுகிறது.