பால் கொடுக்கும் அம்மாவின் பத்தியத்தில் மீன் இருக்கலாமா?

என் குழந்தைக்கு 2 மாதம். தாய்ப்பால் மட்டும்தான் தருகிறேன். 'டிஹெச்ஏ சேர்த்த பவுடர் பால் கொடுத்தால்தான் மூளை நன்றாக வளரும்' என்கிறார் நாத்தனார். ஆனால் பத்தியம் என்று எனக்கு மீனையும் கீரையையும் நிறுத்திவிட்டார்கள். என் பால் போதுமா?

போதும். பவுடர் வாங்க வேண்டாம். மாற வேண்டியது உங்கள் பத்தியம்தான்.

தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கும். நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அது பெரிதாக மாறாது. கீரையில் கிடைக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினும் பாலில் சட்டென்று குறையாது. உங்கள் உடம்பில் இருப்பதை எடுத்தாவது பால் தன் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் கீரையை உங்களுக்காகவே சாப்பிடுங்கள்.

டிஹெச்ஏ அப்படியில்லை. மூளையிலும் விழித்திரையிலும் சேர்கிற இந்தக் கொழுப்பு, அம்மா மீன் சாப்பிட்டால் பாலில் கூடும், நிறுத்தினால் குறையும். டப்பாவில் போட்டு விற்பது உங்கள் வீட்டு மீன்குழம்பிலேயே இருக்கிறது. குழந்தைக்கு மாந்தம் வரும் என்று பெரியவர்கள் பயப்படுவது அக்கறையால்தான். ஆனால் மீன் செரிப்பது உங்கள் வயிற்றில்; குழந்தைக்குப் போவது பால் மட்டுமே. மத்தி, நெத்திலி போன்ற மீன்களை வாரம் இரண்டு முறை குழம்பாகச் சாப்பிடுங்கள்.

சுறாப்புட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் ஊறும் என்று பாசத்தோடு செய்து தருவார்கள். ஆனால் மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். வளரும் மூளைக்கு அது கெடுதல். சுறா வேண்டாம்.

அப்புறம் உப்பு. மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும். அது உங்கள் பால் வழியாகத்தான் குழந்தைக்குக் கிடைக்கிறது. சாதாரண கல்லுப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்காது. பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சைவக் குடும்பத்து அம்மாக்களுக்கு ஒன்று. வைட்டமின் பி12 கீரையிலோ பருப்பிலோ கிடையாது. பால், தயிர், முட்டை மூன்றையும் தவிர்ப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். அம்மாவுக்குக் குறைந்தால் பாலிலும் குறையும். நன்றாகச் சிரித்து விளையாடிய குழந்தை சோர்ந்துபோய், முகம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.