நாய்க் காப்பகத்துக்குத் தொண்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

சமூக சேவைக்காக விலங்குக் காப்பகத்துக்கு வர விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்ட நாய், பூனைகளைப் பார்க்கிற ஒரு காப்பகத்தில் தொண்டர்களை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு.

உயர்தர மாணவி, கோண்டாவில்: அக்கா, எடின்பரோ கோமகன் விருதுக்குச் சேவை செய்ய வேணும். லீவில் இரண்டு கிழமை தொடர்ந்து வந்து முடிக்கலாமா?

முடியாது தங்கச்சி. இளைஞர்களுக்கான அந்த விருதில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி இருக்கிறது. சேவைப் பகுதிக்கு வெண்கலம் என்றால் 3 மாதம், வெள்ளிக்கு 6 மாதம், தங்கத்துக்கு 12 மாதம், கிழமைக்குச் சராசரி ஒரு மணித்தியாலம். எங்களுக்கும் அப்படி வருகிற பிள்ளைதான் வேணும். போன சனிக்கிழமை ஓடிவந்து சாப்பிட்ட நாய் இந்தச் சனிக்கிழமை சட்டியை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், அதைத் தொடர்ந்து வருகிற ஆள்தான் கண்டுபிடிக்கும். தொடங்க முன்னமே பொறுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கோ.

மாணவன், சாவகச்சேரி: நான் போன இடத்தில் கூடு கழுவத்தான் விட்டார்கள். குட்டிகளைத் தொடவே விடவில்லை. இது என்ன தொண்டு?

தம்பி, அங்கே உயிர் காக்கிற வேலையே அதுதான். பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. குட்டி சத்தி எடுக்கும், இரத்தமாகக் கழியும், அந்த நாற்றத்தை ஒருதரம் கண்டவர் மறக்கமாட்டார். தடுப்பூசி போடாத குட்டிகள் சில நாளிலேயே செத்துப்போகும். இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் சப்பாத்து அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போகும், வீட்டு நாய்க்கும் வரும். கைக்குப் பூசுகிற சனிடைசருக்கு அது சாகாது.

அதனால் ஒழுங்காகக் கழுவுங்கோ. முதலில் மலத்தை அள்ளி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் தும்புத்தடியால் தேய்க்க வேணும். அழுக்குக்கு மேலே பிளீச் ஊற்றினால் பிளீச் வீண். தரை துப்பரவான பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து லீற்றர் வாளிக்கு 330 மில்லிலீற்றர் அளவில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேணும். பிறகு நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகே நாயை உள்ளே விடலாம். கழிவறை கழுவுகிற அமிலத் திரவங்களைப் பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதேங்கோ, நச்சு வாயு வரும். பூனைக் கூட்டுக்கு டெட்டோல் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு.

குட்டிகளைத் தொட விடாததற்கும் இதுதான் காரணம். புதிதாக வருகிற குட்டியை இரண்டு கிழமை தனியாக வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் கடைசியாகத்தான் போக வேணும்.

ஒரு அம்மா, மானிப்பாய்: மகளுக்கு ஆசை. கடி பட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

பயப்பிடுவதில் பிழையில்லை அம்மா. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு மருந்தில்லை, அதற்கு முன் முழுமையாகத் தடுக்கலாம். கடித்தாலோ, நகம் கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேணும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவச் சொல்லுங்கோ, பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து அரச வைத்தியசாலைக்கோ போங்கோ. ஊசி இலவசம். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை, ஆகவே ஏசமாட்டேன் என்று முன்னமே சொல்லி வையுங்கோ. நாய்களைத் தூக்கிப் பிடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போடுவது நல்லது. போட்டிருந்தாலும் கடித்தால் வைத்தியரிடம் போகத்தான் வேணும்.

மாணவன், உரும்பிராய்: மனிதரைக் கண்டாலே ஒளிக்கிற நாயை எப்படிப் பழக்குவது?

பழக்காதேங்கோ, பக்கத்தில் இருங்கோ. எங்களிடம் ஏ9 வீதியோரம் அடிபட்டுக் கிடந்த ஒரு மூன்று கால் பெட்டை நாய் வந்தது. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே போய்ப் படுத்தால் வராது. ஒரு உயர்தரப் பொடியன் கிழமைக்குக் கிழமை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து வரலாற்று நோட்ஸைச் சத்தமாக வாசிப்பான். கூப்பிடமாட்டான், திரும்பிப் பார்க்கமாட்டான். ஒருநாள் அது ஊர்ந்து வந்து அவனுடைய செருப்பை மணந்தது. பிறகு முழங்காலில் தலையை வைத்தது. நேராகக் கண்ணைப் பார்க்காமல் இருப்பது, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல் இருப்பது, சாப்பிடேக்க கிட்டப் போகாமல் இருப்பது, அவ்வளவுதான் அவன் செய்தது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: மழை நேரம் சந்தைப் பக்கம் உரப்பைக்குள் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. உடனே பசுப்பால் கொடுக்கலாமா?

முதலில் சூடாக்குங்கோ. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. துவாயில் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணிக்கு மேலால் அணைத்து வையுங்கோ. உடம்பு இளஞ்சூடாகிய பிறகு, மிருக வைத்தியர் சொல்லுகிற குட்டிப் பால்மாவைக் கொடுக்கலாம். பசுப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். மனிதக் குழந்தை போல மல்லாக்க வைத்துப் பருக்காதேங்கோ, பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்கட்டும். மூன்று கிழமைக்கு உட்பட்ட குட்டி தானாகச் சலம் கழிக்காது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேணும்.

கிடந்தவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளாக இருந்திருக்குமே? எங்கள் வாசலிலும் அப்படித்தான். 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரச கொள்கை, ஆகவே பெருகாமல் தடுக்கக் கருத்தடைதான் வழி. கருத்தடை செய்யாமல், பிறந்ததைக் கொண்டுபோய்ச் சந்தையில் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கொக்குவிலிலிருந்து: அப்பாவின் நினைவு நாளுக்கு நாய்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

வடிவாகக் கொடுக்கலாம். ஆனால் சமைத்த கறி வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் கூடாது. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். அரிசியாக, பூசணியாக, முட்டையாகத் தாங்கோ.

ஒரு ஆசிரியர்: நாற்பது மாணவரை ஒரு நாளில் அழைத்து வர விரும்புகிறேன். எங்கே கேட்கலாம்?

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. எந்த இடமானாலும் முதலில் பேசி அனுமதி எடுங்கோ. ஆனால் சேர், நாற்பது பேர் ஒன்றாக வந்தால் நாய்கள் கலவரப்பட்டு ஒன்றையொன்று கடிக்கும். ஆறு ஆறு பேராக, கிழமை மாற்றி அனுப்புங்கோ. மற்றப் பிள்ளைகள் பாடசாலையிலேயே பழைய துவாய், சாக்கு, பத்திரிகை சேர்க்கட்டும். விசர்நாய்த் தடுப்பூசி முகாம் நடக்கேக்க பெயர் பதியவும் வரிசை பார்க்கவும் பெரிய பிள்ளைகள் உதவலாம், மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கோ. வருகிறவர்கள் முழுக்கால் உடுப்பும் மூடிய சப்பாத்தும் போட்டு வரட்டும், வீடு போனதும் அந்த உடுப்பைத் தனியாகத் தோய்க்கட்டும்.